சக்தி இசைக்குழுவின் மூன்று பருவங்கள்

கோலார்த் தங்கவயலை அடுத்த பூதிகோட்டை முதலிய ஊர்களிலே திருவிழா மேளம் கேட்டுப் பழகியோர்க்கு ஓர் உண்மை நன்கு தெரியும். நாயனக்காரர் முதுமையால் ஓய்ந்தால், அவர் மகனோ மாணாக்கரோ அவ்விடத்தில் வந்து நிற்பார். ஊராருக்கு அது அதே மேளந்தான். ஆள் மாறியும் மேளம் மாறாதிருப்பது எவ்வாறு? கடல் கடந்து புகழ்பெற்ற ஓர் இசைக்குழுவின் வரலாற்றைக் கொண்டு இவ்வினாவை ஆராய்வோம்.

மேலைநாட்டுக் குழுக்களிலும் ஆள்மாற்றம் உண்டு. ஆஸ்திரேலியரான டேவிட் ஆலன் 1967இல் பாரிஸ் நகரில் ‘காங்’ என்னும் குழுவைத் தோற்றுவித்தார். விண்வெளிக் கற்பனைகளை ராக் இசையோடு பிணைத்துப் பாடிய அக்குழுவை 1975இல் அவரே விட்டு நீங்கினார். பின்னர் பியர் மோர்லன் என்னும் பிரெஞ்சுத் தாளக் கலைஞரின் தலைமையில், பாட்டுக் குறைந்து தாளக் கருவிகள் முன்னிற்கும் ஜாஸ் இசையாக அது உருமாறிற்று. ஆலன் மீண்டும் வந்து சேர்ந்ததும், 2015இல் அவர் மறைந்த பின்னரும் குழு தொடர்ந்ததும் பிந்திய செய்திகள். அங்கே பெயர் நின்றது. ஓசை ஆளுக்கேற்ப மாறியது.

சக்தியின் கதை வேறு. ஆங்கிலேயக் கிதார் கலைஞரான ஜான் மெக்லாக்லின், அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை பயின்றவர். யாழ்ப்பாணத்தில் வளர்ந்த வயலின் கலைஞர் எல். சங்கர், தபலா கலைஞர் ஜாகிர் உசேன், கடக் கலைஞர் விக்கு விநாயகராம், மிருதங்கக் கலைஞர் ராம்நாட் வி. ராகவன் ஆகியோர் அவருடன் கூடினர். 1975 ஜூலையில் நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் நிகழ்ந்த இவர்களது கச்சேரி, முதல் இசைத்தட்டாக வெளிவந்தது. அடுத்த தட்டிலேயே மிருதங்கம் இல்லை, நால்வரே எஞ்சினர்.

மெக்லாக்லின் தமக்கெனச் செய்வித்த கிதாரை ஈண்டுக் குறிப்பிடல் வேண்டும். அதன் மெட்டுகளுக்கிடையே மரம் பள்ளமாகக் குடையப்பட்டிருந்தது. ஆதலால், வீணையிற்போலத் தந்தியை இழுத்துக் கமகம் பிடிக்க இயன்றது. சுருதிக்கென 7 தந்திகள் குறுக்கே பூட்டப்பட்டிருந்தன. இராகத்துக்கு இணங்கக் கருவியே தன்னை மாற்றிக்கொண்டது. ஏறத்தாழ 1978இல் இம்முதற் பருவம் முடிவுற்றது.

1997இல் இரண்டாம் பருவம் தொடங்கியது. வயலின் இருந்த இடத்தில் முதலில் ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலும், பின்னர் யு. ஸ்ரீநிவாஸின் மாண்டலினும் ஒலித்தன. விநாயகராமின் இடத்தில் அவர் மகன் செல்வகணேஷ் கஞ்சிராவுடன் அமர்ந்தார். சங்கர் மகாதேவனின் குரலும் சேர்ந்தது. 2014 செப்டம்பரில் ஸ்ரீநிவாஸ் தம் 45ஆம் வயதில் காலமானார். இராகத்தைத் தோளில் தாங்கிய கருவி அக்குழுவில் ஓய்ந்தது.

மூன்றாம் பருவத்தில் கணேஷ் ராஜகோபாலனின் வயலின் வந்தது. இக்குழு 2023இல் வெளியிட்ட தொகுப்புக்கு 2024 பிப்ரவரியில் கிராமி விருது கிடைத்தது. அவ்வாண்டு டிசம்பர் 15ஆம் நாள் ஜாகிர் உசேன் மறைந்தார். மூன்று பருவங்களிலும் மாறாதிருந்தோர் இருவரே. அவ்விருவருள் ஒருவர் இவ்வாறு நீங்கினார்.

இம்மூன்று பருவங்களையும் ஒப்பு நோக்கினால், வயலினும் குழலும் மாண்டலினும் மாறி மாறி வந்தும் இராகமும் தாளமுமே அவற்றை ஆண்டன என்பது புலனாகும். வருவோர் ஒவ்வொருவரும் நெடுங்காலம் ஒரு முறையிற் பயின்று வந்தமையால், குழுவின் மொழியை அவர்களுக்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதாயிற்றில்லை. அத்தகைய பயிற்சி மேடையில் கிடைப்பதன்று. விநாயகராமின் தந்தை ஹரிஹர சர்மா 1958இல் சென்னையில் ஒரு தாளவாத்தியப் பள்ளியை நிறுவினார். தந்தையின் இடத்தில் மகன் வந்து அமர்ந்தபோது சக்தியின் தாளம் தடுமாறாமைக்குக் காரணம் தேடுவோர், அதுபோன்ற பள்ளிகளின் வாயிலுக்கே செல்லுதல் வேண்டும். அப்பள்ளிகள் நடக்கும்வரை, காலியான இடத்துக்கு ஆள் கிடைப்பார் என்று நாம் நம்பலாம்.