இரண்டாவது வீடு



யாழ்ப்பாணத்தவரின் சிக்கனத்தைப் பகிடியாகவும் பெருமையாகவும் பலர் பேசியிருக்கிறார்கள். மிச்சம்பிடித்த அந்தக் காசு எங்கே போய்ச் சேர்ந்தது என்று கேட்டால், பெரும்பாலும் ஒரு காணி உறுதியில் என்றுதான் சொல்லவேண்டும். குடியிருக்க ஒரு வீடு. அதற்கு அப்பால், வாடகைக்கு விடுவதற்கென்று இரண்டாவதாக ஒரு வீடு. நான் இன்று பேச எடுத்துக்கொண்டது அந்த இரண்டாவது வீட்டின் வரலாறு. வேலிச் சண்டையை எழுதிய அளவுக்கு வாடகைச் சிட்டையை நமது எழுத்தாளர்கள் எழுதவில்லை என்பது என் நெடுநாளைய குறை.

ஆதனத்திலிருந்து வருமானம் பார்க்கும் பழக்கம் நமக்குப் புதியதன்று. ஒல்லாந்தர் காலத்தில், 1707இல், எழுத்தில் வந்த தேசவழமையிலேயே ஒற்றி இருக்கிறது. கடன் கொடுத்தவர் வட்டிக்குப் பதிலாகக் காணியின் பலனை அனுபவிப்பார். அதே தேசவழமைதான் முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று குடும்ப ஆதனத்தைப் பிரித்து வைத்தது. வீடு பெண்பிள்ளைக்குப் போவது என்ற எண்ணம் ஊறிப்போன சமூகத்தில், இரண்டு பெண்களைப் பெற்ற தகப்பன் வாடகை வருமானத்தை மட்டும் எண்ணி வீடு வாங்குவதில்லை. மூத்தவளுக்கு எது, இளையவளுக்கு எது என்ற கணக்கு முதலே மனதில் ஓடிக்கொண்டிருக்கும். கலியாணம் பொருந்தும்வரை அந்த வீட்டில் யாரோ ஒருவர் இருந்து வாடகை தந்தால் நல்லது. அவ்வளவுதான்.

மலாயாவில் ரயில்வேயிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் உழைத்தவர்கள் அனுப்பிய பணம் ஊரில் கல்வீடுகளாக எழுந்தது. 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் யப்பானியரிடம் வீழ்ந்ததும் அந்தப் பணவரத்து நின்றது. 1945வரை மலாயாக் காசை நம்பியிருந்த குடும்பங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. தூரதேசத்துக் காசு ஒருநாள் நிற்கும், பக்கத்தில் உள்ள கல்லும் சுண்ணாம்பும் நிற்காது என்று அப்போது பலர் முடிவு செய்தார்கள். ஆனால் அதே 1942இல்தான் கொழும்பில் வேறொரு சங்கதி நடந்தது. ஏப்ரல் 5ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, யப்பானிய விமானங்கள் நகரைத் தாக்கின. சனம் வீடுகளைப் பூட்டிக்கொண்டு ஓடியது. அவ்வாண்டு முடியுமுன்னரே யுத்தகால வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமும் வந்துவிட்டது. யுத்தம் முடிந்தது; கட்டுப்பாடு முடியவில்லை. 1948இல் அது புதிய சட்டமாயிற்று. யுத்தத்துக்கு முந்திய மதிப்பீட்டை அடியாகக் கொண்ட வாடகை, விலைவாசி எங்கே ஏறினாலும் அசையாமல் நின்றது.

கொழும்பில் உத்தியோகம் பார்த்த நம்மவர் முதலில் நாலைந்து பேராகச் சேர்ந்து சமறியில் சமைத்துச் சாப்பிட்டு இருந்தார்கள். பிறகு குடும்பத்தைக் கூட்டிவந்தார்கள். பிறகு வெள்ளவத்தையில் வீடு வாங்கினார்கள். என் பெரியப்பா வாங்கியது 1953இல். வாங்கியபோதே அதில் ஒரு சிங்கள ரயில்வே உத்தியோகத்தர் குடும்பத்தோடு வாடகைக்கு இருந்தார். வாடகை எழுபத்தைந்து ரூபா. 1958 கலவரத்தின் பின் பெரியப்பா இடமாற்றம் எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். வீட்டை விற்கவில்லை. அது மூத்த மகளுக்கு உரியது.

1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் வந்தபோது பெரியப்பா அதை ஆங்கிலத்தில் வாங்கி, சிவப்புப் பென்சிலால் கோடிட்டு வாசித்தார். நியம வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது. மூன்று மாத வாடகைக்கு மேல் முற்பணம் கூடாது. திறப்பைக் கையளிப்பதற்கென்று மேலதிகக் காசு வாங்குவது குற்றம். குடியிருப்பவர் இறந்தாலும் மனைவி பிள்ளைகளுக்கு அந்த உரிமை தொடரும். மறுவருடம் வீட்டு ஆதன உச்சவரம்புச் சட்டம் வந்தது. கணவன், மனைவி, பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் கொண்ட குடும்பமானால், அப்பிள்ளைகளின் தொகையோடு இரண்டைக் கூட்டி அத்தனை வீடுகள் வைத்திருக்கலாம். தனி ஆளுக்கு இரண்டு. மிகுதி வீட்டை, அதில் குடியிருப்பவரே வாங்க விண்ணப்பிக்கலாம். கொழும்பில் வரிசை வரிசையாக வீடு வைத்திருந்தவர்களை நோக்கி எழுதிய சட்டம் அது. அவர்களிடம் வாடகைக்கு இருந்த ஏழைகளுக்கு அது பெரும் நியாயமே. பெரியப்பாவிடம் இருந்ததோ இரண்டே இரண்டு வீடு. சட்டம் அவரைத் தொடவில்லை. தூக்கத்தை மட்டும் கெடுத்தது.

அவர் வழக்குப் போட்டார், தோற்றார். கோபத்தில் வாடகையை வாங்க மறுத்தார். சட்டம் அதற்கும் வழி வைத்திருந்தது. குடியிருந்தவர்கள் மாதந்தோறும் வாடகையை மாநகர சபையில் கட்டிவிட்டு ரசீதை வைத்துக்கொண்டார்கள்.

1980இல் கொண்டுவந்த திருத்தம் ஒழுங்கைகளை இரண்டாகப் பிரித்தது. அவ்வாண்டு தைமாதம் முதலாம் திகதிக்குப் பின் கட்டி முதன்முறையாக வாடகைக்கு விட்ட வீடுகளுக்குக் கட்டுப்பாடு நீங்கியது. உரிமையாளரே அன்று குடியிருந்து, பின்னர் வாடகைக்கு விட்ட வீடுகளுக்கும் அப்படியே. ஒரு மதிலுக்கு இப்பால் பழைய நியம வாடகை, அப்பால் கேட்ட வாடகை.

பிறகு 1983 ஆடி. அந்த ஒழுங்கையில் தமிழர் குடியிருந்த வீடுகள் எரிந்தன. பெரியப்பாவின் வீட்டில் ஓர் ஓடுகூட உடையவில்லை. உள்ளே இருந்தவர்கள் சிங்களவர் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. வழக்கில் வென்றிருந்தால் வீடு வெந்திருக்கும். எரிந்த ஆதனங்களோ அவசரகால ஒழுங்குவிதிகளின் கீழ் அரசின் பொறுப்புக்குப் போயின. சொந்தக்காரர் தமது சொந்த வீட்டைத் திருப்பிப் பெறப் புனர்வாழ்வு அதிகாரசபைக்கு விண்ணப்பம் எழுதவேண்டியிருந்தது.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்துச் சனம் ஒரே இரவில் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, ஊரில் இருந்த முதலாவது வீடும் கைவிட்டுப் போயிற்று. பெரியப்பா அதற்கு முன்னரே காலமாகிவிட்டார். மூத்த மகள், நான் அக்கா என்று அழைப்பவர், அடுத்த வருடம் எப்படியோ கொழும்புக்கு வந்து சேர்ந்தார். தன் பெயருக்கு எழுதிய வீட்டிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி ஓர் அனெக்ஸை வாடகைக்கு எடுத்தார். அது கட்டுப்பாடற்ற வீடு. ஒரு வருட முற்பணம், பொலிஸ் பதிவுக்கு விபரம், இரவில் கதவு தட்டினால் எழுந்து அடையாள அட்டை காட்டல். மாநகர சபையில் அவருக்கென்று சேர்ந்து கிடந்த பத்துப் பன்னிரண்டு வருட வாடகை முழுவதும் அந்த அனெக்ஸின் இரண்டு மாத வாடகைக்குக் காணவில்லை. "எங்கட வீட்டு மாமரம் இங்கயிருந்து தெரியுது" என்று ஒருமுறை சொன்னார். வேறொன்றும் சொல்லவில்லை.

வாடகைக்கு இருத்தல் என்றால் என்ன என்பதை அந்தத் தலைமுறை அப்படித்தான் படித்தது. 2007 யூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழரைப் பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. லொட்ஜில் இருந்தவர்களில் எத்தனை பேருக்கு ஊரில் நாற்சார் வீடும் வளவும் இருந்திருக்கும்!

அந்த வளவுகளுக்கும் ஆபத்து வந்தது. பிறர் காணியைப் பத்து ஆண்டுகள் தனதாகவே எதிருரிமையோடு ஆண்டவர் அதற்கு உரித்துக் கேட்கலாம் என்று 1871ஆம் ஆண்டிலிருந்து ஒரு சட்டம் இருக்கிறது. ஓடிப்போனவர்களின் காணியை அது விழுங்கக்கூடும். 2016இல் பாராளுமன்றம் ஒரு விசேட ஏற்பாட்டுச் சட்டம் கொண்டுவந்தது. யுத்தத்தால் தம் உரிமையைக் கோர முடியாதிருந்தவர்களுக்கு, 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தை அந்தப் பத்து ஆண்டில் சேர்க்காமல் விடலாம் என்பதே அதன் சாரம். வழக்குத் தொடரக் கொடுத்த தவணை இரண்டு வருடம். அந்த இரண்டு வருடத்துக்குள் அக்கா ஊர் வீட்டு உறுதியைத் தேடியெடுத்து, ரொறன்ரோவிலிருந்த தங்கைக்கு அட்டோர்ணித் தத்துவம் எழுதி அனுப்பும்படி கடிதம் போட்டார். கொழும்பு வீட்டு உறுதியும் அதே கட்டில்தான் இருந்தது, பெரியப்பா சிவப்புப் பென்சிலால் கோடிட்ட சட்டப் புத்தகத்துக்குக் கீழே.