கூத்து நூல்களின் வாசிப்பு வரலாறு: ஜவ்வாது மலையடிவாரம்

ஜவ்வாது மலைக்குத் தெற்கிலும் கிழக்கிலும் உள்ள செங்கம், போளூர், ஆரணி, செய்யாறு வட்டாரங்கள் தெருக்கூத்து இன்றும் விடிய விடிய நடக்கும் ஊர்களைக் கொண்டவை. இங்கு ஆடப்படும் பாரத நாடகங்களை மக்கள் எந்தெந்த வடிவங்களில் அறிந்துவந்தார்கள் என்பதை இக்கட்டுரை கூறுகிறது. நாடகத்தை நூலில் படித்துவிட்டுப் பிறகு மேடையில் காண்பது கல்லூரி வழக்கம். கூத்துக்கு அது பொருந்தாது. இங்கே காதால் கேட்டுப் பழகியவர்கள்தான் பின்னாளில் அதே நாடகத்தை அச்சில் வாங்கினார்கள். அச்சு வந்த பிறகும் கூத்துக் கற்பிக்கும் வாத்தியாரின் வாய்ப்பாடமே பெரிதாக இருந்தது.

இவ்வட்டாரத்தின் மிகப் பழைய சான்று பத்துப்பாட்டில் உள்ள மலைபடுகடாம். 583 அடி கொண்ட இந்நூலைப் பாடியவர் பெருங்கௌசிகனார். செங்கண்மாவை ஆண்ட நன்னனிடம் கூத்தரை வழிப்படுத்துவதால் இதற்குக் கூத்தராற்றுப்படை என்றும் பெயர். அந்தச் செங்கண்மாதான் இன்றைய செங்கம். ஜவ்வாது மலையில் பிறக்கும் செய்யாறும் பாட்டில் வருகிறது. கூத்தர் சுமந்து சென்ற முழவு, ஆகுளி, தூம்பு, குழல் முதலிய கருவிகள் பெயர் பெயராகச் சொல்லப்படுகின்றன. ஆனால் அவர்கள் ஆடிய கூத்தின் வாசகம் ஒரு வரிகூட நமக்குக் கிடைக்கவில்லை. உ.வே. சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டைப் பதிப்பித்தபோது படிப்பவர் கைக்கு வந்தது கூத்தரைப் பற்றிய பாட்டு மட்டுமே.

தமிழ் நாடக வரலாறு முழுவதற்கும் இந்த இழப்பு பொது. அடியார்க்குநல்லார் தம் சிலப்பதிகார உரையில் குறிப்பிடும் முறுவல், சயந்தம், செயிற்றியம், குணநூல் எல்லாம் மறைந்துபோயின. தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசேசுவர நாடகம் ஆடியவருக்கு நெல் அளந்த செய்தி 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டில் இருக்கிறது; நாடகம் இல்லை. கூலிக் கணக்கைக் கல்லில் வெட்டியவர்களுக்கு நாடகத்தை எழுதிவைக்கத் தோன்றவில்லை. அது நடிகர்களின் நினைவில் பத்திரமாக இருப்பதாக அவர்கள் நம்பியிருக்கலாம்.

பாரதக் கதை வேறு வழியில் நிலைத்தது. காஞ்சிபுரத்தை அடுத்த கூரத்தில் கிடைத்த பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மனின் செப்பேடு, 7ஆம் நூற்றாண்டிலேயே கோயில் மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்குப் பங்கு ஒதுக்கியதைக் கூறுகிறது. வாசிப்பு என்றால் ஒருவர் படிக்க ஊர் உட்கார்ந்து கேட்பது. வில்லிபுத்தூராரின் பாரதம் வந்த பிறகு திரௌபதி அம்மன் கோயில்களில் அந்த இடத்தை அது பிடித்துக்கொண்டது. வில்லியார் பாடாமல் விட்டவற்றைச் சேர்த்துச் செஞ்சிப் பக்கத்து நல்லாப்பிள்ளை 18ஆம் நூற்றாண்டில் பாடிய பாரதமும் துணைக்கு வந்தது.

இக்கோயில்களில் நடக்கும் அக்கினி வசந்த விழாவின் ஏற்பாட்டைக் கவனித்தால் இப்பகுதி மக்களின் நாடக வாசிப்பு விளங்கும். பகலில் பாரதப் பிரசங்கம். பிரசங்கியார் செய்யுளை இராகமாகப் பாடிப் பொருள் சொல்வார். உள்ளூர்க் கதை, வழக்குச் சொல், கேலி எல்லாம் இடையில் கலக்கும். இரவு பத்து மணிக்கு மேல் அதே கதைப்பகுதி கூத்தாக நடக்கும். வில் வளைப்பு, பகாசூரன் வதை, பகடை துகில், அர்ஜுனன் தபசு, கிருஷ்ணன் தூது, கர்ண மோட்சம் எனக் கதை நகரும். அர்ஜுனன் தபசில் நடிகர் உயரமான தபசு மரத்தில் பாடிக்கொண்டே ஏறி மேலிருந்து எலுமிச்சம்பழமும் வில்வ இலையும் வீசுவார்; பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் மடியேந்தி நிற்பார்கள். பதினெட்டாம் போர் முடிந்த காலையில், களிமண்ணால் செய்த துரியோதனன் உருவம் கிடக்கும் படுகளத்தில் பாஞ்சாலி கூந்தல் முடிப்பாள். மாலையில் தீமிதி. எழுத்தறியாத ஒருவர் இருபது வயதுக்குள் இதையெல்லாம் பலமுறை கேட்டும் பார்த்தும் இருப்பார். நாடகத்தை நூலில் மட்டும் அறிந்த பட்டதாரியைவிட அவருக்குப் பாடம் அதிகம்.

நாடகப் பிரதி இக்காலம் முழுவதும் வாத்தியாரிடம் இருந்தது. முதலில் ஓலைச் சுவடியில், பிறகு நோட்டுப் புத்தகத்தில். விருத்தம், தரு, கலித்துறை ஆகிய பாட்டு வகைகளும் வசனமுமாக அது அமைந்திருக்கும். கூத்துக் கட்ட விரும்பும் ஊர் இளைஞர்கள் வாத்தியாரை வைத்துப் படிப்பார்கள். அவர் ஓர் அடி பாட, இவர்கள் திருப்பிப் பாடுவார்கள். தன் வேடத்துக்கு உரிய பாட்டை மட்டும் எழுதிக்கொள்பவரே அதிகம்; முழு நாடகமும் கைவசம் இருப்பவர் வாத்தியார் ஒருவர்தான். கூத்தின் கோமாளியான கட்டியக்காரனின் பேச்சு எந்த நோட்டிலும் இராது.

இந்தியர் அச்சகம் நடத்த இருந்த தடை 1835இல் நீங்கியது. பாடநூலும் பக்திநூலும் மட்டுமல்லாமல் மலிவுத் தாளில் கதைப்பாடல்களும் நாடகங்களும் சென்னையிலிருந்து வெளிவரத் தொடங்கின. ஆ.இரா. வேங்கடாசலபதி ‘முச்சந்தி இலக்கியம்’ என்ற நூலில் ஆராய்ந்த, குஜிலிக்கடை எனப்பட்ட சந்தைக் கடைகளின் பதிப்புகள் இந்த உலகத்தைச் சேர்ந்தவை. பி. இரத்தின நாயகர் அண்ட் சன்ஸ் போன்ற பதிப்பகங்கள் வெளியிட்ட பெரிய எழுத்துப் புத்தகங்கள் திருவிழாக் கடைகளிலும் சந்தைகளிலும் விற்றன. திண்ணையில் ஒருவர் இராகம் போட்டுப் படிக்க, சுற்றி உட்கார்ந்தவர்கள் தாங்கள் இரவில் கேட்ட பாட்டை அடையாளம் கண்டுகொண்டார்கள். கூத்தாடிகளும் அவற்றை வாங்கினார்கள். வேண்டியதை எடுத்துக்கொண்டு மற்றதைத் தம் பாடத்தின்படியே பாடினார்கள்.

கர்ண மோட்சம் நல்ல எடுத்துக்காட்டு. புகழேந்திப் புலவர் பெயரில் வழங்கும் இந்நாடகத்தில் கர்ணன் போருக்குப் புறப்படுமுன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெறும் காட்சிதான் உயிர்நிலை. வியாச பாரதத்தில் அவள் பெயரே இல்லை. இறந்தவரின் கருமகாரியத்துக்கு முந்தின இரவில் இதை ஆடும் வழக்கம் இவ்வட்டாரத்தில் உண்டு. ஆகவே பலரும் இந்நாடகத்தை முதலில் சந்திப்பது சாவு வீட்டில்தான். கூத்து ஆய்வாளர் ஹன்னே டி புருயின் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 1998இல் புதுச்சேரியில் வெளியானபோது, கூத்தைப் பார்த்தே இராத வாசகர்களிடம் அது முதன்முறையாக நூலாகப் போய்ச் சேர்ந்தது.

காளிதாசனின் சாகுந்தலம் ஐரோப்பாவை அடைந்த வழியும் இத்தகையதே. வில்லியம் ஜோன்சின் 1789 மொழிபெயர்ப்பு வழியாக, மேடையில் ஒருமுறைகூடக் காணாதவர்கள் அதைப் படித்துக் கொண்டாடினார்கள். தமிழில் படிப்பதற்கென்றே எழுந்த நாடகம் 1891இல் வெளிவந்த பெ. சுந்தரம் பிள்ளையின் மனோன்மணீயம். கல்லூரிகள் அதைப் பாடமாக்கின. கூத்து நாடகங்களுக்கு அந்த மதிப்பு வெகுகாலம் கிடைக்கவில்லை. படித்தவர்கள் அவற்றை நாடகம் என்று கொள்ளவே தயங்கினார்கள்.

அந்தத் தயக்கத்தைக் குலைத்தவர்களில் எழுத்தாளர் ந. முத்துசாமி முக்கியமானவர். செய்யாற்றை அடுத்த புரிசையின் கண்ணப்பத் தம்பிரானுடைய ஆட்டத்தைக் கண்டு அவர் எழுதிய கட்டுரைகள் சிறுபத்திரிகை வாசகர்களைக் கூத்தின் பக்கம் திருப்பின. 1977இல் அவர் தொடங்கிய கூத்துப்பட்டறையில் நகரத்து நடிகர்கள் தம்பிரானிடம் பயின்றார்கள். திரௌபதி வழிபாட்டை ஆல்ஃப் ஹில்டபைட்டலும் தெருக்கூத்தை ரிச்சர்ட் ஃப்ராஸ்காவும் விரிவாக ஆராய்ந்து நூலாக்கினார்கள். 1990இல் காஞ்சிபுரத்தில் பெ. ராஜகோபாலும் டி புருயினும் உருவாக்கிய கட்டைக்கூத்துச் சங்கம் பிற்பாடு பெண்பிள்ளைகளுக்கும் கூத்துக் கற்பித்தது. ஆண்களே பெண்வேடம் கட்டிய மரபில் பாஞ்சாலியின் தரு ஒரு பெண்ணின் பாடமாயிற்று.

பெரிய எழுத்துப் பதிப்புகள் பல, 1994இல் சென்னையில் தொடங்கிய ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் சேர்ந்துவிட்டன. வாத்தியார்களின் நோட்டுகளோ பெரும்பாலும் வீட்டுப் பரணில்தான் இருக்கின்றன. ஒலிநாடாவும் குறுவட்டும் வந்து போய், இப்போது முழு இரவுக் கூத்துகள் யூடியூபில் ஏறுகின்றன. அச்சு விட்டுவிட்ட கட்டியக்காரன் பேச்சு அவற்றில் பதிவாகிறது. இளம் நடிகர்கள் ஒரே பாட்டை நான்கு கூத்துக் குழுக்கள் பாடும் விதத்தைக் கைப்பேசியில் ஒப்பிட்டுக் கேட்டுவிட்டு, எந்த இராகத்தில் எடுப்பது என்று தம் வாத்தியாரிடம் போய் வாதாடுகிறார்கள்.