ஃப்ளஷிங் ஊரின் மௌனக்கூடம்

நியூயார்க் நகரத்தின் குவீன்ஸ் பகுதியிலுள்ள ஃப்ளஷிங்கில், வாகன இரைச்சல் ஓயாத சாலையோரத்தில், 1694-ஆம் ஆண்டில் குவேக்கர்கள் என்னும் கிறிஸ்தவப் பிரிவினர் எழுப்பிய மரக்கட்டிடம் ஒன்று இன்றும் அவர்களுடைய ஆராதனைக்கே பயன்பட்டு வருகிறது. பிரசங்க மேடையோ பலிபீடமோ அங்கே இல்லை. வெறும் மரப்பெஞ்சுகளில் நெடுநேரம் மௌனமாய் வீற்றிருந்து, அந்தராத்மாவின் ஏவுதல் உண்டானவர், ஆணாயினும் பெண்ணாயினும், எழுந்து இரண்டொரு வார்த்தை பேசி அமர்வதே அவர்களது வழிபாடு.

இக்கூடம் எழுவதற்கு முன் அச்சமூகம் பட்ட பாடு பெரிது. அந்நாளில் அப்பகுதியை ஆண்ட டச்சு ஆளுநர் பீட்டர் ஸ்டைவசன்ட், குவேக்கர்களுக்கு இடங்கொடுப்போரைத் தண்டிக்கக் கட்டளையிட்டபோது, அதற்குக் கீழ்ப்படிய இயலாதென்று 1657 டிசம்பர் 27-இல் ஊரார் 30 பேர் கையொப்பமிட்டு விண்ணப்பம் அனுப்பினர். அவர்களுள் ஒருவரேனும் குவேக்கர் அல்லர் என்பதை நினைக்குந்தோறும் என் உள்ளம் உருகுகிறது. தம் சமயத்துக்காகத் துன்புற்றோர் சரித்திரத்தில் பலர். அயலார் சமயத்துக்காக ஆளுநரின் கோபத்தை வலிய ஏற்றோர் அரியர்.

பின்னர் 1662-இல், தம் இல்லத்தில் குவேக்கர்களைக் கூடவிட்ட குற்றத்துக்காகச் சிறைப்பட்ட ஜான் போன், அபராதம் செலுத்த மறுத்து, நாடு கடத்தப்பட்டு, ஹாலந்து சென்று, ஆளுநரின் எசமானர்களான டச்சு மேற்கிந்தியக் கம்பெனியாரிடமே நேரில் முறையிட்டார். அவர்களும், பிறர் மனச்சாட்சியை நெருக்கவேண்டாமென 1663-இல் ஆளுநருக்கு எழுதினர்.

யுத்தத்தையே வெறுத்த அவர்களின் கூடத்தை, அமெரிக்கச் சுதந்திரப் போரின்போது பிரிட்டிஷ் சேனை கைப்பற்றிச் சிறைச்சாலையாகவும் வைத்தியசாலையாகவும் ஆக்கியது. போர் ஓய்ந்தபின் குவேக்கர்கள் திரும்பிவந்து தங்கள் ஆராதனையைத் தொடர்ந்தனர்.