சிறுமலையும் அதன் வாழையும்

திண்டுக்கல் மலைக்கோட்டை மேல் ஏறி நின்றால் தென்கிழக்கில் நீளமாக ஒரு மலைத்தொடர் தெரியும். அதுதான் சிறுமலை. ஊரிலிருந்து சுமார் 25 கி.மீ. காலையில் பஸ் ஏறினால் 18 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே போய், சுற்றிப் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம். கொடைக்கானலுக்கு ஓடுகிறவர்கள் ஏனோ இதைக் கண்டுகொள்வதில்லை.

சிலர் இதை மழைக்காடு என்கிறார்கள். முழுக்கச் சரியில்லை. அடிவாரத்தில் இருப்பது முள்ளும் புதருமான வறண்ட காடு. மேலே ஏற ஏற இலையுதிர் மரங்கள். உச்சியை ஒட்டிய ஈரமான பள்ளங்களில்தான் ஓரளவு பசுமை மாறாத காடு. அதிர்ஷ்டம் இருந்தால் காட்டுமாடு கண்ணில் படும். இந்த வட்டாரத்துக் காடுகளில் உள்ள தேவாங்கு மட்டும் பகல் பயணிகளிடம் சிக்காது, அது இரவில் திரியும் பிராணி. அதற்காகவே 2022ல் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரில் கடவூர் தேவாங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. இந்தியாவில் தேவாங்குக்கென அமைந்த முதல் சரணாலயம் அது.

சிறுமலையின் பெயர் பழையது. சிலப்பதிகாரத்தில் மதுரைக்கு வழி கேட்கும் கோவலனிடம் மாங்காட்டு மறையோன் மூன்று வழிகளைச் சொல்கிறான். வலப்பக்க வழியில் வருவது பாண்டியனின் சிறுமலை. அங்கே விளைபவை என்று ஒரு பட்டியலும் தருகிறான். அதில் மஞ்சள், கமுகு, தென்னை, மா, பலா எல்லாம் உண்டு. வாழையும் உண்டு!

அந்த வாழைதான் பிற்காலத்தில் சிறுமலைக்குப் பெயர் வாங்கித் தந்தது. காபிச் செடிகளோடு மர நிழலில், மழையை மட்டும் நம்பி வளர்ந்த மலைவாழை. பழத்தில் நீர் குறைவு, சீக்கிரம் அழுகாது. பழனி பஞ்சாமிர்தத்துக்கு மலைவாழைப் பழத்தைத் தேடியதும் இதனால்தான். பாதை இல்லாத தோட்டங்களிலிருந்து குதிரைகள் மேல் சுமை ஏற்றிக் கொண்டுவந்தார்கள்.

1970களில் முடிக்கொத்து நோய் தாக்கியது. இது ஒரு வைரஸ். இலைகள் சிறுத்து, உச்சியில் கொத்தாக நெருங்கி நிற்கும். மரம் குலை தள்ளாது. அசுவினிப் பூச்சி இதைப் பரப்பும். அதைவிட மோசம், நோயுள்ள மரத்தின் பக்கக்கன்றிலேயே வைரஸ் இருக்கும். விவசாயி நல்ல கன்று என்று நம்பிப் பெயர்த்து நட்டது நோயைத்தான். மருந்தும் கிடையாது, வேரோடு பிடுங்கி அழிக்க வேண்டியதுதான். தோட்டம் தோட்டமாக வாழை போயிற்று.

2008-09ல் சிறுமலை வாழைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெரும்பாலான வாழை அழிந்த பிறகு வந்த பட்டம்! திசு வளர்ப்பில் உருவாக்கிய நோயற்ற கன்றுகள் இப்போது கிடைக்கின்றன. ஆனால் பக்கத்துத் தோட்டத்தில் பிடுங்காமல் விட்ட ஒரு நோய் மரம் நின்றால் போதும், அசுவினி வந்துவிடும்.