ஹாம்ப்ஷயர் மண்ணின் குரல்

காற்றலை மனிதர்கள் – 17

1980 செப்டம்பர் 2. லார்ட்ஸ் மைதானம். இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் ஆடிய நூற்றாண்டு விழா டெஸ்ட்டின் கடைசி நாள். பிபிசி வர்ணனை அறையில் 66 வயதுப் பெரியவர் ஒருவர் மைக் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். அந்த ஓவரில் 9 ரன் என்கிறார். பாய்காட் 28, கோவர் 15, இங்கிலாந்து 2 விக்கெட்டுக்கு 69. அடுத்துப் பேசப்போவது ட்ரெவர் பெய்லி, அவருக்குப் பிறகு கிறிஸ்டோபர் மார்ட்டின்-ஜென்கின்ஸ். அவ்வளவுதான், எழுந்துவிட்டார். 34 ஆண்டு வர்ணனை வாழ்க்கை முடிகிறது என்று நேயர்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அறையில் இருந்தவர்கள் எழுந்து கைதட்டினார்கள். ஒலிபெருக்கியில் செய்தி அறிவிக்கப்பட்டதும் மைதானமே எழுந்தது. ஆஸ்திரேலிய வீரர்கள் வர்ணனை அறை இருக்கும் பக்கமாகத் திரும்பி நின்று கைதட்டினார்கள். பாய்காட் கையுறையைக் கழற்றிக்கொண்டு தட்டினார். அந்த ஆட்டத்தில் ஒரு பந்துகூட வீசாத மனிதருக்குக் கிடைத்த மரியாதை அது.

அவர் பெயர் ஜான் ஆர்லட். 1914-ல் ஹாம்ப்ஷயர் மாவட்டத்தின் பேசிங்ஸ்டோக் ஊரில் பிறந்தவர். பிறந்த வீடு, கல்லறைத் தோட்டத்தை ஒட்டிய காவல் வீடு. வளர்ந்த பின் சவுத்தாம்ப்டனில் 11 ஆண்டுகள் போலீஸ் வேலை. ரோந்து போன நேரம் போக மிச்ச நேரத்தில் கவிதை படித்தார், எழுதினார். அந்தக் கவிதைதான் 1945-ல் அவரை பிபிசியின் கீழ்த்திசைப் பிரிவுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. இலக்கிய நிகழ்ச்சித் தயாரிப்பாளர் வேலை. அதற்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர் ஜார்ஜ் ஆர்வெல்.

கிரிக்கெட் எப்படி வந்தது? இந்தியாவால் வந்தது. 1946 கோடையில் பட்டோடி நவாப் இஃப்திகார் அலி தலைமையில் இந்திய அணி இங்கிலாந்துக்குப் போனது. இந்திய நேயர்களுக்காக முதல் இரண்டு ஆட்டங்களைப் பற்றிப் பேச, கிரிக்கெட் பைத்தியமான இந்தக் கவிதைக்காரரை அனுப்பினார்கள். இந்தியாவில் வரவேற்பு பலமாக இருந்தது. முழுத் தொடரைப் பற்றியும் அவரையே பேசச் சொன்னார்கள். இங்கிலாந்து பின்னாளில் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய அந்தக் குரலை முதலில் இனம் கண்டவர்கள் நம் நாட்டு நேயர்கள். இதைச் சொல்லும்போது எனக்குப் பெருமையாகவே இருக்கிறது.

ஏனென்றால், அது அன்றைய பிபிசி ஏற்கக்கூடிய குரல் அல்ல. மேட்டுக்குடிப் பள்ளிகளில் இழைத்தெடுத்த உச்சரிப்புதான் அங்கே செல்லுபடியாகும். ஆர்லட்டின் பேச்சிலோ ஹாம்ப்ஷயர் கிராமத்துக் கரகரப்பு. எழுத்துகளை உருட்டி, நிதானமாக இழுத்துப் பேசும் வழக்கு. நேரடி ஒலிபரப்புப் பிரிவின் தலைவரே, உன் குரலில் நயமில்லை, ஆனால் உன் சிந்தனை சுவையாக இருக்கிறது என்ற பொருளில் அவரிடம் சொன்னார். ஆர்லட் குரலை மாற்றிக்கொள்ளவில்லை. நல்லவேளை.

வானொலி வர்ணனையில் நேயருக்குக் கண் கிடையாது. பந்து எங்கே போனது என்று சொன்னால் மட்டும் போதாது, அந்த அடி எப்படிப்பட்டது என்பதும் தெரியவேண்டும். 1975 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் கிளைவ் லாயிட் 102 ரன் குவித்தார். அதில் ஓர் அடியை, நடந்துபோகிறவர் கைத்தடியால் முள்செடியின் பூவைத் தட்டிவிட்டுப் போவதுபோல் என்றார் ஆர்லட். அந்த மனிதரின் அலட்சியமான பலம் மொத்தமும் ஒரு கைத்தடியில் வந்துவிட்டது! 1948-ல் ஓவல் மைதானத்தில் பிராட்மேன் தன் கடைசி இன்னிங்ஸில் இரண்டாவது பந்திலேயே 0-க்கு ஆட்டமிழந்தபோதும் மைக் ஆர்லட்டின் கையில்தான் இருந்தது. எதிரணி சுற்றி நின்று வாழ்த்தியிருக்கிறது, கூட்டம் வழிநெடுகக் கைதட்டியிருக்கிறது, இப்படிப்பட்ட நேரத்தில் ஒரு மனிதனுக்குப் பந்து தெளிவாகத் தெரியுமா என்று கேட்டார். 4 ரன் எடுத்திருந்தால் சராசரி 100. அது 99.94-ல் நின்றது. அந்தக் கணத்தில் ஆர்லட் கணக்குப் பார்க்கவில்லை, பிராட்மேனின் கண்ணைப் பார்த்தார்.

1948-49-ல் வர்ணனைக்காக, நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவுக்குப் போனார். கறுப்பின மக்களின் குடியிருப்புகளுக்கு நேரில் போய்ப் பார்த்தார். குடிநுழைவுப் படிவத்தில் 'இனம்' என்ற இடத்தில் 'மனிதன்' என்று எழுதிக்கொடுத்தார். அதன் பிறகு அந்த நாட்டில் அவர் கால்வைக்கவில்லை.

1950-களின் கடைசியில் கேப்டவுனிலிருந்து பச்சை மையில் எழுதிய கடிதம் ஒன்று அவருக்கு வந்தது. எழுதியவர் பேசில் டி ஒலிவேரா. கலப்பினத்தவர் என்பதால் சொந்த நாட்டு அணியில் ஆட அவருக்கு உரிமை இல்லை. இங்கிலாந்தில் ஒரு வாய்ப்பு கிடைக்குமா என்று கேட்டிருந்தார். முன்பின் பார்த்திராத ஆர்லட்டுக்கு ஏன் எழுதினார்? வானொலியில் கேட்ட அந்தக் குரலையும் பேச்சையும் வைத்து, இவர் இரக்கமுள்ள மனிதர் என்று நம்பினாராம். ஒரு வர்ணனையாளருக்கு இதைவிடப் பெரிய விருது இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஆர்லட் பல இடங்களில் கேட்டுப் பார்த்தார். 1960-ல் லங்காஷயரின் மிடில்டன் கிளப், 450 பவுண்டு சம்பளத்தில் டி ஒலிவேராவை எடுத்துக்கொண்டது. 1966-ல் அவர் இங்கிலாந்துக்காகவே ஆடினார். மொத்தம் 44 டெஸ்ட்.

1968-ல் டி ஒலிவேரா இடம்பெற்ற இங்கிலாந்து அணியை ஏற்கமுடியாது என்றது தென்னாப்பிரிக்க அரசு. அங்கே நடக்கவிருந்த தொடர் ரத்தானது. 1970-ல் தென்னாப்பிரிக்க அணி இங்கிலாந்து வருவதாக இருந்தபோது, அந்த ஆட்டங்களுக்கு வர்ணனை செய்யமாட்டேன் என்று ஆர்லட் வெளிப்படையாக எழுதினார். வருமானம் போகும், வேலையே போகலாம். அந்தப் பயணமும் ரத்தாகி, தென்னாப்பிரிக்கா 21 ஆண்டுகள் சர்வதேச கிரிக்கெட்டிலிருந்து ஒதுக்கிவைக்கப்பட்டது.

சொந்த வாழ்க்கையில் அடி பலமானது. 1964-ன் கடைசி இரவு, மூத்த மகன் கார் விபத்தில் இறந்தான். அன்றிலிருந்து ஆர்லட் கறுப்பு டை மட்டுமே கட்டினார். நேயர்களுக்கு அது தெரியாது. அவர்களுக்குக் கேட்டதெல்லாம் அந்த நிதானமான குரல்தான்.

ஓய்வுக்குப் பின் ஆல்டர்னி என்ற சின்னத் தீவுக்குக் குடிபோனார். மூச்சுத்திணறல் வாட்டியது. 1991 நவம்பர் 10-ல், நிறவெறிச் சட்டங்களைக் கைவிட்ட தென்னாப்பிரிக்கா மீண்டும் சர்வதேச கிரிக்கெட்டுக்குத் திரும்பியது. அந்த முதல் ஆட்டம் நடந்தது கொல்கத்தாவின் ஈடன் கார்டனில், இந்தியாவுக்கு எதிராக.

34 நாள் கழித்து, டிசம்பர் 14 அன்று, ஜான் ஆர்லட் காலமானார். ஆல்டர்னியின் செயின்ட் ஆன் தேவாலயத் தோட்டத்தில் இருக்கிறது அவர் கல்லறை. கல்லில் பொறித்திருப்பது அவரே எழுதிய கவிதை வரிகள்.