'தொடரும்' போட்ட கணினி மொழி

வாரப் பத்திரிகைத் தொடர்கதையின் அடியில் 'தொடரும்' என்று போடுவார்களே, அதைப் பார்த்து ஏங்காதவர் நம் வயதில் யாருமில்லை. நான் படித்த பிரெஞ்சில் அதை 'ஆ சுயிவ்ர்' என்பார்கள். அந்த ஒரு சொல்லையே கருவியாக்கிய கணினி மொழி ஒன்று உண்டு. அதன் பெயர் ஸ்கீம்.

1975இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜெரால்டு சஸ்மன், கை ஸ்டீல் இருவரும் உருவாக்கியது. முதலில் வைத்த பெயர் ஸ்கீமர். அந்தக் கணினியில் கோப்பின் பெயர் ஆறு எழுத்தைத் தாண்டக்கூடாது என்பதால் கடைசி எழுத்து உதிர்ந்துபோனது.

அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு விஷயம் எளிது. ஒரு கோப்பை வேறு துறையின் கருத்துக்கு அனுப்புகிறோம். பதில் வந்ததும் எந்த இடத்திலிருந்து என்ன செய்ய வேண்டும் என்பது குறிப்புத்தாளில் இருக்கும். கணினி நிரலுக்கும் அப்படி 'இனிச் செய்ய வேண்டியது' என்ற மிச்சம் எப்போதும் உண்டு. பிற மொழிகள் பலவற்றில் அது உள்ளே மறைந்து கிடக்கும். ஸ்கீமில் அதைக் கையில் எடுத்து, பெயரிட்டு வைத்துக்கொண்டு, வேண்டும்போது அங்கிருந்தே தொடரலாம். ஒரு முறையல்ல, பல முறை. பிரெஞ்சுக்காரரான கிறிஸ்தியான் கெனெக் 2000இல் இதை இணையப் பக்கங்களுக்குப் பொருத்திக் காட்டினார். நாம் முந்தைய பக்கத்துக்குத் திரும்பினாலும் நிரல் குழம்பாமல் அந்த இடத்திலிருந்து தொடரும்.

சண்டை வந்தது, மொழியில் புதிதாகச் சேர்ப்பதில்தான். சிறியதாக இருப்பதே ஸ்கீமின் பெருமை. 1998இல் வந்த ஐந்தாம் திருத்த அறிக்கை சுமார் 50 பக்கம்தான். அதே ஆண்டு சேர்க்கைகளுக்கு ஒரு நடைமுறை வகுத்தார்கள். யாரும் முன்மொழியலாம், இரண்டு மாதத்துக்குக் குறையாமல் விவாதம் நடக்கும். திரும்பப் பெற்ற முன்மொழிவையும் அழிப்பதில்லை. எண்ணோடு பத்திரமாக இருக்கிறது. பதிவறை பார்த்த எனக்கு இது மிகவும் பிடித்தது.

2007இல் ஆறாம் அறிக்கை வாக்கெடுப்பில் தேறியது. ஆனால் மொழி பெருத்துவிட்டது என்று பலர் அதை ஏற்கவில்லை. பிறகு சிறியது, பெரியது என இரண்டாகப் பிரித்து, சிறியதை 2013இல் முடித்தார்கள்.

நம் தமிழிலும் 1978இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் எழுத்துச் சீர்திருத்தம் அரசாணையாகவே வந்தது. பாடநூலும் அச்சும் மாறின. ஆனால் பாளையம்பட்டியில் என் வயதுக்காரர்கள் கையால் எழுதும்போது இன்றும் தும்பிக்கை வைத்த பழைய 'லை'தான் வருகிறது. ஆணையோ வாக்கெடுப்போ, ஒரு மொழியில் எது நிலைக்கும் என்பதை அதைப் புழங்குகிறவர்களின் கைதான் தீர்மானிக்கிறது.