துணுக்குச் செய்தியும் அறிவுடைமையும்

வள்ளுவப் பெருந்தகை பொருட்பாலில் கல்விக்கு ஓர் அதிகாரமும் அறிவுடைமைக்கு வேறோர் அதிகாரமும் வகுத்தார். கற்ற செய்திகளும் அறிவும் ஒன்றல்ல என்பது இவ்வமைப்பினாலேயே விளங்கும். ஆயினும், துணுக்குச் செய்திகளை நொடிப்பொழுதில் எடுத்துரைப்பவரைப் பேரறிஞர் என்று உலகம் எளிதில் நம்பிவிடுகின்றது. இந்நம்பிக்கை எத்துணை வலியது என்பதை அமெரிக்க வரலாற்று நிகழ்ச்சி ஒன்று நன்கு காட்டும்.

1955ஆம் ஆண்டு ஜூன் திங்களில், 64,000 டாலரை உயர்ந்த பரிசாகக் கொண்ட பொது அறிவுப் போட்டியொன்று அந்நாட்டுத் தொலைக்காட்சியில் தொடங்கியது. அதன் வெற்றியைக் கண்டு வேறு பல போட்டிகளும் எழுந்தன. அவற்றுள் ஒன்று, 1956இல் தோன்றிய 'இருபத்தொன்று'. அதில் போட்டியாளர் இருவர் தனித்தனிக் கண்ணாடி அறைகளில் நின்று விடை கூறுவர்.

அப்போட்டியில் பல வாரங்கள் வென்று வந்தவர் ஹெர்பர்ட் ஸ்டெம்பல் என்னும் கல்லூரி மாணவர். அவரை எதிர்த்து நின்றவர் சார்ல்ஸ் வான் டோரன். இவர் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்தவர். கவிஞர் மார்க் வான் டோரனின் மைந்தர். 1956 டிசம்பர் 5ஆம் நாள், 1955ஆம் ஆண்டின் சிறந்த திரைப்படத்திற்குரிய ஆஸ்கார் விருதைப் பெற்ற படம் யாது என ஸ்டெம்பலிடம் வினவப்பட்டது. 'மார்ட்டி' என்னும் விடையை அவர் நன்கறிவார். ஆயினும், தோற்குமாறு நிகழ்ச்சியை நடத்தியோர் பணித்திருந்தமையால், வேண்டுமென்றே பிறிதொரு படத்தின் பெயரைக் கூறினார். வான் டோரனோ 129,000 டாலர் ஈட்டினார். 1957 பிப்ரவரியில் 'டைம்' இதழின் அட்டையில் அவர் உருவம் இடம்பெற்றது.

உண்மை பின்னரே வெளிப்பட்டது. வினாக்களும் விடைகளும் அவருக்கு முன்கூட்டியே தரப்பட்டிருந்தன. எங்கே தயங்குவது, எவ்வாறு சிந்திப்பதுபோல் நடிப்பது என்பனவும் பயிற்றுவிக்கப்பட்டிருந்தன. 1959 நவம்பர் 2ஆம் நாள் அமெரிக்கக் காங்கிரசின் குழுவின் முன்னர் அவர் இதனை ஒப்புக்கொண்டார். இத்தகைய மோசடியைத் தடை செய்யும் சட்டம் 1960இல் இயற்றப்பட்டது.

விடை அறிந்தவர் அறியாதவராகத் தோன்றினார். விடையைப் பெற்று வந்தவர் பேரறிஞராகத் தோன்றினார். கண்டோர் அளந்தது அறிவையன்று, அதன் தோற்றத்தையே.

மோசடி இல்லாதவிடத்தும் இம்மயக்கம் நேர்வதுண்டு. 1977இல் லீ ராஸ் முதலிய உளநூலார் ஓர் ஆய்வினை வெளியிட்டனர். மாணவர் சிலர் வினாத் தொடுப்போராகவும், வேறு சிலர் விடையளிப்போராகவும் எவ்வித வேறுபாடும் கருதாது பிரிக்கப்பட்டனர். முன்னவர் தாம் அறிந்தவற்றிலிருந்து 10 கடின வினாக்களை அமைத்தனர். பின்னவர் அவற்றுள் ஏறத்தாழ நான்கிற்கே விடையளித்தனர். இதனைக் கண்டோர் வினாத் தொடுத்தவரையே அறிவு மிக்கவர் என மதித்தனர். விடையளித்தோரும் தம்மைத் தாழ்வாகவே எண்ணினர். எவர் வினாவை அமைப்பது என்பது குடவோலைபோல் தற்செயலாய் அமைந்ததை ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை.

வகுப்பறையில் வினாவைத் தேர்பவர் என்றும் ஆசிரியரே. விடை அறியாது நிற்கும் மாணவன் தன்னை அறிவிலி எனக் கருதுவானாயின், அது அவன் கல்விக்கே கேடாய் முடியும். செய்திகளைத் திரட்டுதல் தீதன்று. அவை சிந்தனைக்கு வேண்டிய மூலப்பொருள்கள். ஆயினும், 'யாது?' என்னும் வினாவோடு நில்லாமல், 'ஏன்?', 'எவ்வாறு?' என்றும் வினவுதல் வேண்டும். மாணவனும் தான் அறிந்தவற்றிலிருந்து வினாத் தொடுக்க இடமளித்தல் வேண்டும். அப்பொழுதே தோற்றம் நீங்கி, அறிவு தெரியவரும்.